வேலை போனதை ஒளித்து வைக்காதீர்கள்

கோப்பெங்கில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வேலை போனால் மட்டும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதையும் அவராகச் சொல்லமாட்டார். கோயிலில் யாராவது ஒரு பெரியம்மா அவர் மனைவியிடம், “என்னம்மா, உன் வீட்டுக்காரரைப் பகல்லயே மோட்டார்ல பாக்குறேனே, ஷிப்டு மாத்திட்டாங்களா?” என்று கேட்டு, அந்தப் பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆள் எடுப்பதும் என் வேலை. ஆள் குறைக்கும் காலத்தில் கடிதம் கொடுப்பதும் என் வேலை. இப்போது சனிக்கிழமை காலையில் பசியாறப் போகிற கடையில், யாராவது ஒரு தம்பியோ தங்கையோ பிளாஸ்டிக் கோப்புடன் வந்து எதிரில் உட்கார்வது வழக்கமாகிவிட்டது. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “நூறு இடத்துக்கு அனுப்பிட்டேன் அண்ணே, ஒருத்தரும் கூப்பிடல.” நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான்: “நீ வேலை தேடுறது யார் யாருக்குத் தெரியும்?” அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், கூடவே வேலை இழந்த இரண்டு நண்பர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இந்த வெட்கம் சும்மா வந்ததில்லை. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் வேலை என்பது வெறும் சம்பளம் இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். பத்து காஜா சாலையில் கெல்லீஸ் மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் செங்கல்லைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பெயர் அடிக்கப்பட்டால் ஒரு குடும்பம் எங்கே போய் நின்றிருக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். ஈய லம்பங்களின் கதையும் வேறில்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் கைவிட, ஈயம் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒரு காலத்தில் வேலை தேடி ஆள் வந்து இறங்கிய ஊர் இது. இன்று பல இடங்களில் கிளை வைத்திருக்கும் யூ யான் சாங் மருந்துக்கடை 1879இல் முதல் கடையைத் திறந்தது கோப்பெங்கில்தான், லம்பத் தொழிலாளர்களை நம்பித்தான். அந்த ஊரிலிருந்து இப்போது நாம் வெளியே போய் வேலை தேடுகிறோம்.

எனவே வெட்கப்படுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வெட்கத்துக்கு விலை இருக்கிறது. அதை ரிங்கிட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டமுடியும்.

அறுபது நாள்

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இபிஎஃப், சொக்சோவுக்குக் கீழே எஸ்.ஐ.பி. அல்லது இ.ஐ.எஸ். என்று ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும். அதுதான் பெர்கேசோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். 2018 ஜனவரியிலிருந்து தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு என்று கட்டி வருகிறார்கள். இரண்டாயிரம் வெள்ளி சம்பளத்துக்கு மாதம் ஏறக்குறைய நாலு வெள்ளி. இவ்வளவு சின்னத் தொகை என்பதாலேயே பலர் அதைக் கவனிப்பதில்லை.

வேலை போனால் இத்திட்டம் வேலை தேடும் காலத்துக்கு ஓர் உதவித்தொகை தருகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விகிதம் இது: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. எத்தனை மாதம் என்பது நீங்கள் எவ்வளவு காலம் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று முதல் ஆறு மாதம் வரை. முதல் முறை கேட்பவர் கடைசி 24 மாதத்தில் குறைந்தது 12 மாதம் கட்டியிருக்க வேண்டும். இரண்டாயிரம் வெள்ளிக்காரருக்கு முதல் மாதம் சுமார் 1,600, அடுத்த மாதம் 1,000, அதற்கடுத்து 800. மூன்றே மாதம் என்று வைத்தாலும் 3,400 வெள்ளி. விகிதமும் உச்சவரம்பும் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள தொகையை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “ரெண்டு மாசம் பாப்போம், அதுக்குள்ள ஏதாவது கிடைச்சிடும், எதுக்கு நாலு பேருக்குத் தெரியணும்” என்று இருந்தவர்கள் எழுபதாவது நாளில் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை.

இன்னோர் அறுபது நாளும் உண்டு. நியாயமான காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று நீங்கள் கருதினால், 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் தொழிலியல் உறவுத் துறையில் புகார் செய்யலாம். அதற்கும் அறுபது நாள்தான் கெடு. வழக்கறிஞரைத் தேடிப் பணம் சேர்க்கிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. புகாரைத் தொழிலாளியே நேரில் போய்க் கொடுக்கலாம்.

இதோடு சேர்ந்த ஒன்றை ஆளெடுப்பு மேசையின் அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். ஆள் குறைக்கும்போது சில இடங்களில், “நீங்களே எழுதிக் கொடுத்துட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும், அடுத்த வேலைக்கு நல்லது” என்று ராஜினாமாக் கடிதத்தை முன்னால் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் நீங்களாகவே விலகியதாக ஆகிவிடும். தானாக விலகியவருக்கு வேலைக் காப்புறுதித் தொகை இல்லை. பணிநீக்க இழப்பீட்டுக்கும் இடமில்லாமல் போகலாம். 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி வரவேண்டிய இழப்பீடு இது: ஓராண்டுக்குமேல் இரண்டாண்டுக்குள் வேலை செய்திருந்தால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். எட்டு வருடம் வேலை செய்தவருக்கு அது 160 நாள் சம்பளம். “வீட்டுல கேட்டுட்டு நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் சொன்னதற்காக யாரும் உங்களைச் சிறையில் போட முடியாது.

கங்காணியும் பஸ் ஓட்டுநரும்

வெட்கத்தின் அடுத்த நட்டம் பணத்தில் தெரியாது, ஆனால் அதைவிடப் பெரியது. வேலை இருக்கிறது என்ற செய்தி உங்களைத் தேடி வராமல் போய்விடும்.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறிய அலுவலர்களையும் தொழில்நுட்பக்காரர்களையும் ஆய்வு செய்தார். அந்த ஆய்வை ஒட்டி 1973இல் அவர் எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாகத்தான் வேலைக்குப் போயிருந்தார்கள். இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடுத்ததில் இருக்கிறது. அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டபோது, அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்கள் எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கிறவர் மூலம் வேலை பெற்றிருந்தார்கள். 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதையே காட்டியது. நெருங்கிய நண்பர்களைவிட, ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்களின் தொடர்பு வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

காரணம் எளிது. உங்கள் அண்ணனுக்கும் மச்சானுக்கும் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் முன்பே தெரியும். நீங்கள் எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்கள். எப்போதோ ஒருமுறை பார்க்கிறவர் வேறு கிணற்றுக்காரர்.

நம் மக்களுக்கு இந்த வழி புதிதல்ல. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்ததே இப்படித்தான். கங்காணி தன் ஊருக்குப் போய், தன் உறவிலும் தன் தெருவிலும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. அந்த முறையின் கோளாறு என்னவென்றால், கங்காணி உங்களை அவர் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டிப்போவார். அதற்கு வெளியே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. இன்றும் நாம் வேலைக்குச் ‘சொல்லி வைப்பது’ மாமாவிடமும் சித்தப்பாவிடமும்தான். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே ஆலையில் வேலை செய்தால், அந்த ஆலை ஆளெடுப்பை நிறுத்தும் நாளில் தெருவுக்கே செய்தி வறண்டுபோகிறது.

அப்படியானால் யாரிடம் சொல்வது? தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநரிடம் சொல்லுங்கள். எந்த ஆலைக்கு இன்னொரு பஸ் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது விளம்பரம் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். ஆலைச் சிற்றுண்டிச்சாலைக்காரர், காவலாளி, இயந்திரம் பழுதுபார்க்க ஆலை ஆலையாகப் போகிற சர்வீஸ்காரர், லோரி ஓட்டுநர் ஆகியோர் எந்த மனிதவள அதிகாரியையும்விட நிலவரம் அறிந்தவர்கள். உங்கள் பழைய மேற்பார்வையாளர் இன்னோர் ஆலைக்கு மாறிப் போயிருப்பார். அவரிடம் பேசி இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். இடைநிலைப்பள்ளியில் உடன் படித்த மலாய், சீன நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். நம் புலனக் குழுக்களில் வராத செய்தி அவர்கள் குழுவில் வந்திருக்கும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் “சரி தம்பி” என்பார், அன்று மாலையே மறந்துவிடுவார். அவர் குற்றமில்லை; நினைவில் வைத்துக்கொள்ள நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை. நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும்:

“அக்கா, நான் கோப்பெங். ஆறு வருஷம் ஆலையில மெயின்டனன்ஸ் டெக்னீசியனா இருந்தேன். போன மாசம் ஆள் குறைச்சிட்டாங்க. சிம்பாங் பூலாய், பத்து காஜா, லாஹாட் பக்கம் அதே மாதிரி வேலை தேடுறேன். மூணு ஷிப்டும் செய்வேன், சொந்த மோட்டார் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல யாரைக் கேக்கலாம்னு சொன்னா போதும்.”

கடைசி வரிதான் முக்கியம். வேலை வாங்கித் தரச் சொன்னால் அது அவருக்குப் பாரம். நீங்கள் நாளைக்குச் சரியாக வேலை செய்யாவிட்டால் தன் பெயர் கெடுமே என்று யோசிப்பார். யாரைக் கேட்கலாம் என்று கேட்டால் ஒரு பெயரும் ஒரு எண்ணும் கொடுப்பதில் அவருக்குச் சிரமமில்லை. இதே செய்தியை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே தட்டி அனுப்பக்கூடியதாக இருக்கவேண்டும்.

அரை நிமிடம்

ஒரு விண்ணப்பத்தைப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிடம்தான். நான் மோசமானவன் என்பதால் அல்ல. ஓர் ஆப்பரேட்டர் வேலைக்கு மேசையில் குவிந்து கிடக்கும் தாள் அப்படி. அந்த அரை நிமிடத்தில் என் கண் தேடியது நான்கைந்து விஷயம்: எங்கே குடியிருக்கிறார், எப்படி வருவார், ஷிப்டு செய்வாரா, எந்த இயந்திரத்தில் கைப்பழக்கம், எப்போது சேர முடியும்.

வந்த விண்ணப்பங்களில் முதல் பாதிப் பக்கம் ‘சவால் மிக்க பணியில் என் திறமையை வெளிப்படுத்த ஆவலாயுள்ளேன்’ என்ற ஒரே வாசகம், ஒருவர் தாளிலிருந்து இன்னொருவர் தாளுக்கு நகலெடுத்தது. அப்புறம் அப்பா பெயர், அம்மா பெயர், யூபிஎஸ்ஆரில் எத்தனை ஏ. முப்பது வயதுக்காரர் பன்னிரண்டு வயதில் வாங்கிய ஏ-க்களை எனக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது? அடையாள அட்டை எண்ணையும் எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும்.

தாளின் மேல் கால் பகுதியில் நான் சொன்ன நான்கைந்தும் இருக்கட்டும். கோப்பெங்குக்கு ரயில் நிலையம் இல்லை. பக்கத்தில் உள்ளவை பத்து காஜாவும் கம்பாரும்தான். கோப்பெங் என்று முகவரி பார்த்ததும் ஈப்போ முதலாளிக்கு வரும் முதல் கேள்வி, ‘இந்த ஆள் காலை ஏழு மணிக்கு எப்படி வந்து சேர்வார்?’ அதற்குப் பதிலை அவர் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள். ‘ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும்’ என்பதைவிட ‘மூன்றாண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன், பயிற்சிச் சான்றிதழ் உண்டு’ என்பது நிற்கும். பட்டதாரிகளுக்கும் இதே கதைதான். கம்பாரில் யூடாரிலோ ஸ்ரீ இஸ்கண்டாரில் யூடிபியிலோ படித்துவிட்டு வரும் பிள்ளைகள் பாடங்களின் பட்டியலை எழுதுகிறார்கள். தொழிற்பயிற்சியின்போது எந்த மென்பொருளில் என்ன செய்து முடித்தார்கள் என்பதை ஒரு வரியில் அடக்கிவிடுகிறார்கள். அதைத்தான் விரித்து எழுதவேண்டும்.

நூறு இடத்துக்கு ஒரே தாளை அனுப்புவதைவிட வாரத்துக்கு ஐந்து இடத்துக்கு, அந்தந்த வேலைக்கு ஏற்ப மாற்றி எழுதி அனுப்புங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த நிறுவனம், யாரிடம் பேசினீர்கள், மீண்டும் எப்போது அழைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, “என் விண்ணப்பம் வந்து சேர்ந்ததா?” என்று மரியாதையாகக் கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. கேட்டவரின் தாளை நான் குவியலிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன், வேறெதற்காகவும் இல்லை, பெயர் காதில் விழுந்ததால்தான்.

பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் கட்டாயம் பதியுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க விரும்பும் முதலாளிகள் முதலில் அங்கே உள்நாட்டினருக்கு விளம்பரம் செய்தாக வேண்டும் என்பதால், வேறெங்கும் வராத ஆலை வேலைகள்கூட அங்கே வரும். சில விளம்பரங்கள் விதிக்காகப் போடப்பட்டவை என்றே எனக்குத் தோன்றும். போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிவதும், பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பிப்பதும் தனி வேலை; அதை ஒரு பக்கம் செய்துகொண்டே மற்றதைத் தேடுங்கள். அரசாங்க வேலை வரும் வரும் என்று வீட்டில் உட்கார்ந்து இருபத்தெட்டு வயதை எட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

‘மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பலர் மனம் உடைந்து பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அழைத்துக் கேளுங்கள். சீன வாடிக்கையாளரோடு நாள்முழுக்கப் பேசும் வேலை என்றால் அது உண்மையான தேவை. கிடங்கிலும் கணக்குப் பிரிவிலும் பல சமயம் அது பழக்கத்தில் எழுதப்பட்ட வரி. நல்ல மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் உள்ளவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்துவிட்டு அந்த வரியை மறந்துபோன முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயாயிரம் வெள்ளி என்று யாராவது சொன்னால்

வேலை இல்லாத மூன்றாவது மாதம் ஆபத்தானது. உதவித்தொகை குறைந்திருக்கும், வீட்டில் பேச்சு கூடியிருக்கும். அந்த நேரம் பார்த்து டெலிகிராமில் ஒரு விளம்பரம் வரும்: அனுபவம் தேவையில்லை, விமான டிக்கெட் இலவசம், மாதம் ஐயாயிரம். 2022இல் இப்படிப் போன மலேசிய இளைஞர்கள் பலர் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களின் கட்டடங்களில் அடைபட்டார்கள். பேரா பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வேலை தருகிறவர் உங்களிடம் முன்பணம் கேட்டாலே அது வேலையில்லை. உள்ளூரிலேயே “உன் பேங்க் கார்டை மட்டும் கொடு, மாசம் ஐநூறு தர்றேன்” என்பார்கள். அந்தக் கணக்கு வழியே போகும் மோசடிப் பணத்துக்குப் போலீஸ் தேடி வருவது கார்டு கொடுத்த உங்களைத்தான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997க்கு அழையுங்கள். இங்கேயும் வெட்கம்தான் எதிரி. ஏமாந்ததை யாரிடம் சொல்வது என்று இரண்டு நாள் யோசிப்பதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

நல்ல வேலையாகவே இருந்தாலும் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2025 ஆகஸ்டிலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. ‘இரண்டாயிரம்’ என்று வாயால் சொன்னால், அதில் அடிப்படை எவ்வளவு, மிகை நேரம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம் குறைந்தால் மிகைநேரக் கணக்கும் குறையும். ஐயாயிரம் வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு. அதைக் கட்டாமல் கையில் கூடுதலாகத் தருகிறேன் என்பவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. கோலாலம்பூரில் 2,600 கிடைத்து, அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோகும் செலவும் போனால் என்ன மிஞ்சும்? சிம்பாங் பூலாயில் 2,000 வாங்கி அம்மா சமையலைச் சாப்பிட்டால் என்ன மிஞ்சும்? தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சில பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர்தான் சரி, அங்கேதான் அந்தத் துறை வளரும். ஆனால் அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். ஊரார் கேள்விக்குப் பயந்து எடுத்த முடிவாக இருக்கவேண்டாம்.

சான்றிதழ் இல்லாத கைகள்

கடைசியாக, நாற்பது தாண்டிய அண்ணன்மாருக்கு. எஸ்.பி.எம். முடிக்காமல் பட்டறைக்குப் போய், பதினைந்து இருபது வருடம் லோரி எஞ்சின் பிரித்து மாட்டியவர்கள், வெல்டிங் செய்தவர்கள், வயரிங் இழுத்தவர்கள் நம் ஊரில் நிறைய. பட்டறை மூடினால் ஆலையில் போய் நிற்பார்கள். “சான்றிதழ் இருக்கா?” என்ற கேள்வியோடு திரும்பி வருவார்கள். வீட்டில் அதைச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

அவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின்கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, பழைய அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வழங்குகிறது. மலாயில் பெங்இக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு, சுருக்கமாக பிபிடி. வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகளை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்கவேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, உங்களையும் சோதித்துத் தகுதியை முடிவு செய்வார். இளையவர்கள் ஈப்போவில் உள்ள ஐ.எல்.பி.யில் படித்து வாங்குவதை, இவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் வேலையைக் காட்டி வாங்கலாம்.

அந்தக் கோப்புக்கு வேண்டியவை வேலை செய்யும்போது எடுத்த படங்கள், பழைய சம்பளச் சீட்டு, வாடிக்கையாளர் பில், எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இன்ன வேலை செய்தார் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம். அதை வேலையில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பட்டறையை மூடிவிட்டு மகனோடு சிங்கப்பூர் போய்விட்ட தவுக்கேயைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது வேலை தேடுவதைவிடக் கஷ்டம்.